பார்த்து எழுத வருகிறது, படிக்க வரவில்லை: தாராவித் தகப்பன் ஒருவருக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் புரிந்துகொள்ளட்டும் என்று முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாராவி 90 அடி சாலைப் பக்கம் வீட்டிலேயே இட்லி அவித்து, விடியற்காலையில் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறீர்கள். மகள் மாநகராட்சிப் பள்ளியில், ஆங்கில வழியில் நான்காம் வகுப்பு. நோட்டு முழுக்க முத்து முத்தான கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக். ஆனால் பால் பாக்கெட்டில் இருப்பதைப் படி என்றால் திருதிருவென்று விழிக்கிறாள். "அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு திட்டம் அறிவிக்கிறது. கொள்கை போட்டால் பிள்ளைக்குப் படிப்பு வந்துவிடுமா? எந்தக் கொள்கையால் வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். நான் இந்த ஊரில் தமிழ் வழி வகுப்புகளில் முப்பது வருஷம் சுண்ணாம்புக் கட்டி பிடித்தவள். அந்த உரிமையில் சொல்கிறேன். ஆனால் "பாடம் முடிந்ததா?" என்று மட்டும் கேட்கிற கொள்கையால் நூறு வருஷம் ஆனாலும் வராது. "இந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது?" என்று கேட்டு, அதற்கென்று பள்ளி நேரத்தில் ஒரு மணியை ஒதுக்கிக் கொடுத்தால், ஒரே பருவத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் மகளுக்கு இருப்பது சோம்பலோ மூளைக் குறைவோ இல்லை. அவள் ஒரு திறமையைத் தானாகவே வளர்த்துக்கொண்டிருக்கிறாள்: பார்த்து எழுதுவது. போர்டில் இருக்கும் வடிவத்தை அப்படியே நோட்டில் இறக்குகிறாள். அவளைப் பொறுத்தவரை அது கோலம் போடுவது மாதிரி. நாற்பது நோட்டு திருத்த வேண்டிய ஆசிரியருக்கு அது போதும், டிக் விழுந்துவிடும். எனக்கு ஒரு பையன் இருந்தான். பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் விரல் வைத்து மணிமணியாகப் படிப்பான். ஒருநாள் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவன் கவனிக்கவில்லை. விரல் புதுப் பக்கத்தில் ஓடுகிறது, வாய் பழைய பாடத்தைச் சொல்கிறது. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூன்று மாதமாக அவனுக்கு 'நன்று' போட்டுக்கொண்டிருந்தவள் நான்தானே.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தில் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. அதில் ஒரு வரி: குறித்த காலத்துக்குள் முழுப் பாடத்திட்டத்தையும் முடிக்க வேண்டும். அதற்கு அடுத்த வரி: ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைக்கேற்பக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். ஆனால் எங்களைப் பார்க்க வந்த அதிகாரிகள் முதல் வீட்டுக் கதவை மட்டுமே தட்டினார்கள். "போர்ஷன் எதுவரைக்கும் போயிருக்கு?" என்பதே கேள்வி. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று என்னிடம் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வருஷம் ஓடும், ஒன்றாம் வகுப்பில் எழுத்து பிடிபடாத பிள்ளை, நான்காம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை பற்றிய பாடத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும்.

எண்ணக்கூடியதை அரசு நன்றாகவே செய்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மும்பை மாநகராட்சி பை, சீருடை, காலணி, நோட்டு என்று 27 பொருள்களை இலவசமாகத் தருகிறது. அதில் ஒன்றுகூட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் தாராவிச் சந்துகளில் நடந்து வந்த பிள்ளைகளைப் பார்த்தவள் நான். 2015இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப், அதாவது கைக்கணினி, கொடுத்தார்கள். எத்தனை பை, எத்தனை டேப் என்பதற்குக் கணக்கு இருக்கும். எத்தனை பிள்ளைக்கு ஒரு பத்தி படிக்க வரும் என்பதற்கு அந்த மாதிரிக் கணக்கு வெகுகாலம் இருந்ததில்லை.

அந்தக் கணக்கை எடுக்கும் வழியைக் காட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 1990களின் நடுவில் இதே மும்பைக் குடிசைப் பகுதிகளில்தான் தொடங்கியது. அவர்கள் நடத்திய 'பால்சகி' திட்டம் எளிமையானது. அதே பகுதியில் வளர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த ஓர் இளம்பெண். பின்தங்கிய பிள்ளைகள் பதினைந்து இருபது பேரை வகுப்பிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் தனியே கூட்டிப்போய், அவர்கள் விட்ட இடத்திலிருந்து சொல்லித்தருவாள். சம்பளம் மாதம் சில நூறு ரூபாய்தான். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். கணக்கில் முன்னேற்றம் பளிச்சென்று தெரிந்தது, மொழியிலும் தெரிந்தது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கே ஆதாயம் அதிகம். அந்த ஆய்வைச் செய்தவர்களில் இருவர் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். 2019இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது "பானர்ஜி பிறந்த ஊர் மும்பை" என்று பத்திரிகைகள் பெருமையாக எழுதின. பால்சகிகளைப் பற்றி அந்தச் செய்திகளில் நான் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. தொண்டு நிறுவனம் செய்தால் சரி, அரசு ஆசிரியரே செய்தால் நடக்குமா? பீகாரில் 2008இல் கோடை விடுமுறையில் ஒரு மாத முகாம். நடத்தியவர்கள் அரசு ஆசிரியர்களே. பாடப் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டுப் படிவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு வாசிப்பு கூடியது. அதே மாநிலத்தில் பள்ளி நாட்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வாசிப்பு அட்டைகளும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய மாற்றம் இல்லை. பள்ளி திறந்ததும் பாடப் புத்தகம் திறந்துகொண்டது, அட்டைகள் அலமாரிக்குள் போய்விட்டன. அதே ஊர், அதே மாதிரி ஆசிரியர்கள்! பிறகு 2012-13இல் ஹரியானாவில் வேறு மாதிரி செய்தார்கள். தினம் ஒரு மணி நேரம், பள்ளி நேரத்துக்குள்ளேயே. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வகுப்புப்படி உட்கார வைக்காமல், எழுத்து தெரிந்தவர் ஒரு பக்கம், சொல் படிப்பவர் ஒரு பக்கம், பத்தி படிப்பவர் ஒரு பக்கம் என்று உட்கார வைத்தார்கள். மேற்பார்வை செய்யும் அதிகாரிகள், தாங்களே முதலில் வகுப்பில் நின்று சொல்லிக்கொடுத்துப் பழகிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வந்தார்கள். இந்தி வாசிப்பு உயர்ந்தது.

எனக்கு இதில் பிடித்தது அந்த அதிகாரிகள் விஷயம். தானே ஒரு பிள்ளைக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்து வியர்த்தவன், அடுத்த முறை பள்ளிக்கு வரும்போது பதிவேட்டைக் கேட்க மாட்டான், பிள்ளையைக் கூப்பிடுவான்.

மேலிடத்துக்கும் இது எட்டியிருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, 2021 ஜூலையில் நிபுண் பாரத் திட்டம் வந்தது. 2026-27க்குள் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் புரிந்து படிக்க வேண்டும் என்பது இலக்கு. மூன்றாம் வகுப்பில் நிமிடத்துக்கு 60 சொல்லாவது படிக்க வேண்டும் என்று எண்ணும் போட்டிருக்கிறார்கள். முதல் தடவையாகக் கொள்கை, பிள்ளையின் வாயைப் பார்த்துப் பேசுகிறது. சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு தமிழ் டீச்சராக எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது மூன்று சொல், இந்தியிலும் அப்படித்தான் பிரிந்து நிற்கும். நிமிடத்துக்கு 60 என்பது ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு பாரம். நல்லவேளை, 2022இல் ஏறத்தாழ 86,000 மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை 20 மொழிகளில் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் படிக்கச் சொல்லி மத்திய அரசு எடுத்த ஆய்வில், மொழிக்கு மொழி அளவுகோலைத் தனித்தனியாக வைத்தார்கள். யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

பலன் தெரிகிறதா என்றால், கொஞ்சம் தெரிகிறது. பிரதம் எடுக்கும் அசர் ஆய்வில், அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018இல் 20.9 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 16.3. 2024இல் 23.4. விழுந்ததைவிட மேலே ஏறியிருக்கிறது, ஆனால் நாலில் ஒரு பிள்ளைகூட இன்னும் இல்லை. இன்னொன்று: இந்த ஆய்வு கிராமங்களில் மட்டும் எடுப்பது. மும்பைக்குள் பிறந்த ஆய்வுமுறை, மும்பைப் பிள்ளையை எண்ணுவதில்லை.

பெயிலாக்கினால் சரியாகிவிடும் என்று நம் ஆட்களே நிறையப் பேர் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்புவரை யாரையும் பெயிலாக்கக் கூடாது என்றிருந்த அந்தக் கல்வி உரிமைச் சட்டத்தை 2019இல் திருத்தினார்கள், மகாராஷ்டிரத்தில் 2023-24 முதல் ஐந்துக்கும் எட்டுக்கும் ஆண்டுத் தேர்வு வந்துவிட்டது. முதலாம் வகுப்பில் விட்ட எழுத்தை ஐந்தாம் வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார்ந்தால் யார் சொல்லித்தரப் போகிறார்கள்? அதே பாடம்தான், அதே போர்டுதான். இதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

மொழிக்கு வருவோம். இங்கேதான் உங்கள் மகளின் முடிச்சு இருக்கிறது. பள்ளி பெயருக்கு ஆங்கில வழி. டீச்சர் புரிய வைப்பது இந்தியில். 2020 சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயம். வீட்டில் நம் திருநெல்வேலித் தமிழ். ஆக மொத்தம் நாலு மொழி, மூன்று எழுத்துமுறை. இதில் ஒன்றிலாவது அவளைக் கரையேற்றிவிட்டு அடுத்த படகில் ஏற்றியிருக்கிறார்களா? இல்லை. 2025இல் முதல் வகுப்பிலிருந்தே இந்தி மூன்றாம் மொழி என்று மகாராஷ்டிர அரசு ஆணை போட்டு, ஊரே கொதித்து, ஜூன் கடைசியில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். அத்தனை தொலைக்காட்சி விவாதத்திலும் எத்தனை மொழி, எந்த மொழி என்பதுதான் சண்டை. ஏதாவது ஒன்றைப் பிள்ளை படிக்கிறதா என்று கேட்ட குரல் என் காதில் விழவில்லை.

அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று 1956 முதல் சொல்கிறது. மும்பை மாநகராட்சி தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் எங்கள் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். பெற்றோர் "மேலே எங்கே போய்ப் படிப்பது?" என்று கேட்டால் எங்களிடம் திடமான பதில் இருக்காது. அதனால் ஆங்கில வழிக்குப் போனவர்களை நான் திட்ட மாட்டேன், உங்களையும் திட்டவில்லை. மகளை இப்போது தமிழ் வழிக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான்காம் வகுப்பில் வேண்டாம், இன்னொரு குழப்பம் சேரும். அரசை நோக்கி நான் கேட்பது வேறு. ஆங்கில வழி திறந்தாலும் சரி, முதல் இரண்டு வருஷம் பிள்ளைக்கு வாயில் இருக்கும் மொழியில் எழுத்தைப் பிடிக்க வையுங்கள்.

காரணம் சொல்கிறேன். 'சி ஏ டி கேட்' என்று பிள்ளைகள் பாட்டாகவே பாடுகிறார்கள். 'சி' என்ற எழுத்தின் பெயருக்கும் அங்கே வரும் 'க்' சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? பூனை என்றால் பூனை என்று தெரிந்த பிள்ளைக்கு 'கேட்' என்றாலே முதலில் வாசல் கேட்தான் ஞாபகம் வரும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. 'ப' என்றால் ப, கால் போட்டால் பா. 247 எழுத்து என்று பயமுறுத்துகிறார்களே, அதை அட்டவணையாக ஒப்பிக்க வைப்பதால்தான் பயம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அதன்மேல் ஒட்டும் குறிகள் கொஞ்சம். குறியின் சூட்சுமம் பிடிபட்டால் மீதி தானாக வரும். பிள்ளைகள் உண்மையில் தடுக்கி விழுவது கொம்பில்தான். 'கொடி' என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். வாய்க்கு வருவதோ ஒரே சத்தம். பாதிப் பிள்ளைகள் 'கெ' என்று சொல்லி, காலைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். நான் அந்த எழுத்துகளுக்கு மட்டும் மூன்று வாரம் கொடுப்பேன், போர்ஷன் பின்தங்கினாலும் சரி என்று.

அந்த மூன்று வாரம் வீண்போகாது என்பதை மராத்தி வகுப்பில் பார்த்தேன். மராத்தி டீச்சர்கள் 'பஹிலி வேலாண்ட்டி' என்பார்கள், குறில் இகரக் குறி. அதுவும் நம் கொம்பு மாதிரி மெய்க்கு முன்னால் வந்து நிற்கும், சத்தம் பின்னால் வரும். கொம்பைத் தாண்டிய தமிழ்ப் பிள்ளைக்கு அது புதிதாகத் தெரியாது. கா, கி, கு என்று குறி ஏறும் முறையும் அதே. நமக்கு ஒரு 'க', அவர்களுக்கு நாலு என்பது மட்டும் கொஞ்ச நாள் இழுக்கும். மராத்தி படிக்க வந்துவிட்டால் இந்தி இலவசம், அதே எழுத்துதான். ஒரு மொழியில் எழுத்துக்கூட்டுவது என்றால் என்ன என்று புரிந்த பிள்ளை, அந்தப் புரிதலை அடுத்த மொழிக்கும் கையோடு எடுத்துப்போகும். எதிலுமே புரியாத பிள்ளைக்கு மூன்றாவது மொழி மூன்றாவது கோலம், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று படிவாரியாகப் பிரிக்கிறார்கள். நான் மேலே சொன்னதன் நம் ஊர் வடிவம் அது. பெயர் அழகு. அரும்பில் இருக்கும் பிள்ளை அடுத்த வருஷமும் அரும்பிலேயே இருக்கிறதா என்று யாராவது கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால்தான் பெயருக்கு ஏற்ற பலன்.

ஆசிரியர் பக்கத்து நியாயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அதே கல்விச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அந்தத் 'தவிர'வுக்குள் எத்தனை வாரம் போகிறது என்று தேர்தல் வருஷத்தில் எந்த ஆசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம், ஒரே மொழியில், பாடப் புத்தகம் இல்லாமல். அவளுக்குத் தெரிந்த சொல்லாக எடுங்கள்: இட்லி, சட்னி, தட்டு, மாவு, அடுப்பு. அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், பிறகு வரிசையைக் கலைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கலைப்பது முக்கியம், இல்லாவிட்டால் ஒப்பித்துவிடுவாள், கெட்டிக்காரி. தமிழ் நிலைத்ததும் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். மும்பைக் கடைகளில் மராத்திப் பெயரை மற்ற எழுத்தைவிடச் சிறிதாக எழுதக் கூடாது என்று சட்டம் இருப்பதால், ஒரே பெயர் ஒரே பலகையில் இரண்டு எழுத்தில் தொங்குகிறது. இதைவிட நல்ல வாசிப்பு அட்டை எந்தத் துறையும் அச்சடித்ததில்லை. சயான் ஸ்டேஷன் பலகையை மட்டும் கடைசிக்கு வையுங்கள், மராத்தியில் அது 'ஷீவ்', பிள்ளை தலையைச் சொறியும்.

பள்ளியில் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சட்டப்படி ஒவ்வொரு அரசு, மாநகராட்சிப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மராத்தியில் 'ஷாளா வ்யவஸ்தாபன் சமிதி' என்று கேட்டால் காட்டுவார்கள். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பெரும்பாலும் கையெழுத்து வாங்குவதற்குத்தான் கூப்பிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் வீட்டம்மாவையும், அதே வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் நாலு பேரையும் அனுப்பி வையுங்கள். கழிப்பறை, தண்ணீர் பற்றிப் பேசுங்கள், அதோடு இரண்டு கேள்வி: நான்காம் வகுப்பில் எத்தனை பேருக்கு எழுத்து தெரியும், எத்தனை பேர் சொல் படிப்பார்கள், எத்தனை பேர் பத்தி படிப்பார்கள்? படிக்க வராதவர்களுக்கு எந்தக் கிழமை எந்த மணி ஒதுக்கியிருக்கிறது? தலைமையாசிரியர் கோபப்பட மாட்டார், அனேகமாக முழிப்பார். அவரிடமும் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தெரிந்த இந்தியில் கேட்டால் போதும், இலக்கணம் பார்க்க வேண்டாம். அவர் சொல்லும் பதிலைக் கூட்டக் குறிப்பு நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.